மூலைக்கு ஒரு கூலி

சென்னையின் பாடிப் பகுதிக்கு இரும்பை அளக்கத் தெரியும். 1961-ல் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. அதே பத்தாண்டில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று ஆலைகள் எழுந்தன. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துப் பழகிய ஒரு தலைமுறை கொரட்டூரிலும் மண்ணூர்பேட்டையிலும் முகப்பேரிலும் மனை வாங்கி, வீட்டுக் கடன் கட்டி முடித்து, ஓய்வும் பெற்றுவிட்டது. அவர்கள் கட்டிய வீடுகளுக்கு இப்போது வயதாகிறது. சிலவற்றை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். மற்றவற்றில் பிள்ளைகள் ‘இன்டீரியர்’ செய்கிறார்கள். வார நாள் காலையில் கொரட்டூரின் உள்தெருக்களில் நடந்தால் ஏதோ ஒரு மாடியிலிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்காமல் இருக்காது.

அந்தச் சத்தத்தில் கணிசமான பங்கு மெல்லிய பட்டைகளை வெட்டும் சத்தம். எம்.டி.எச். சாலையின் ப்ளைவுட் கடைகளில் வாசலோரம் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருக்கும் பட்டைகள்தான் அவை. பீடிங், மோல்டிங், கால்வட்டம், அரைவட்டம், ரீப்பர், லிப்பிங் என்று கடைக்காரர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்துக் கொடுப்பார். நிலையைச் சுற்றி ஒரு பட்டி, கண்ணாடியைப் பிடிக்க ஒரு பீடிங், ப்ளைவுட்டின் வெட்டு வாயை மூட ஒரு லிப்பிங், பூஜை அறைக் கதவில் பூ வேலைப்பாட்டைச் சுற்றி ஒரு சட்டம். இப்போது கூடத்துச் சுவரில் கட்டம் கட்டமாக மோல்டிங் ஒட்டி, சுவரோடு சேர்த்து ஒரே நிறத்தில் பெயின்ட் அடிப்பது பரவிவிட்டது.

வீட்டு வேலையில் கடைசியாக வருவது இந்தப் பட்டை. செலவுப் பட்டியலிலும் அது அடியில்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் நுழைகிறவரின் கண் முதலில் போவது அங்கேதான். இரண்டு பட்டைகள் சேரும் மூலையில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், பின்னாலிருக்கும் லட்ச ரூபாய் வேலையும் அரைகுறையாகத் தெரியும். பாடி, கொரட்டூர், அம்பத்தூர் வட்டாரத்தில் புதிதாக வேலை முடிந்த பல வீடுகளில் அந்தக் கோட்டை நான் பார்க்கிறேன். பட்டைக்கு நாம் கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது அதற்கான காரணம்.

அடிக்கணக்கும் மூலைக்கணக்கும்

மோல்டிங் வேலைக்கு ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கில் கூலி பேசுவதே இங்கே வழக்கம். எத்தனை அடி நீளம் ஓடுகிறதோ அத்தனை அடிக்குக் காசு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7 அடி உயரம், 3 அடி அகலம் உள்ள ஒரு வாசலுக்கு ஒரு பக்கம் பட்டி சுற்றினால் 17 அடி. மூலைகள் இரண்டு. அதாவது எட்டரை அடிக்கு ஒரு மூலை. சுவரில் 3 அடிக்கு 2 அடி அளவில் ஆறு கட்டங்கள் போட்டால் 60 அடி. மூலைகள் 24. இரண்டரை அடிக்கு ஒரு மூலை. இரண்டு வேலைக்கும் அடிக்கு ஒரே கூலி.

நேராக ஓடும் பட்டையில் வேலை என்று சொல்ல அதிகம் இல்லை. பசை தடவி, பின் அடித்து, மட்டம் பார்த்தால் முடிந்தது. நேரத்தைத் தின்பதும், கைத்திறனைக் கேட்பதும், வெட்டு தவறினால் முழுப் பட்டையையும் வீணாக்குவதும் மூலைதான். மூலைக்குச் சல்லிக்காசு கொடுக்காமல் நீளத்துக்கு மட்டும் கொடுத்தால், தச்சர் மூலையை அவசரமாகத் தாண்டத்தான் பார்ப்பார். எல்லா மூலைக்கும் மிஷினை 45 டிகிரியில் நிறுத்தி ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவார். சேராத இடத்தில் மரத்தூளையும் ஃபெவிக்காலையும் குழைத்து அடைத்து, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பாலிஷ் போட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒரு கோடை கடந்தால் அடைத்தது உதிரும்.

இதற்குத் தச்சரைக் குறை சொல்வது அநியாயம். அறுபது அடிக்கு விலை பேசியவர் நாம். இருபத்துநான்கு மூலைகளை அவர் தலையில் இலவசமாக ஏற்றியவரும் நாமே.

45 என்ற நம்பிக்கை

இரண்டு பட்டைகள் செங்கோணத்தில் சந்தித்தால் ஒவ்வொன்றையும் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். பள்ளிப் பாடம் அவ்வளவுதான். நம் வீடுகளில் செங்கோணம் எங்கே இருக்கிறது? செங்கல் சுவரில் கொத்தனார் பூச்சு இழுக்கும்போது மூலையில் கலவை தடித்துவிடும். நிலை வைக்கும்போது தூக்குகுண்டு பிடித்திருப்பார்கள். கலவை இறுகுவதற்குள் யாரோ சாய்ந்து நின்றிருப்பார்கள். முப்பது வருட வீட்டில் மண் அமர்ந்து ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும்.

தச்சர்கள் பேசும் அளவிலேயே சொல்கிறேன்: ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். 3 அடி அகல நிலையில் மேல்சட்டம் ஒரு பக்கம் 5 நூல் இறங்கியிருந்தால் அது ஒரு டிகிரி சாய்வு. அந்த நிலையைச் சுற்றி 3 இன்ச் அகலப் பட்டியை இரண்டு பக்கமும் துல்லியமாக 45-ல் வெட்டிச் சேர்த்தால், ஒரு மூலையில் உள்வாயும் மறு மூலையில் வெளிவாயும் அரை நூலுக்கு மேல் திறக்கும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். வெட்டு அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் இடைவெளி வந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. மிஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நிலைதான் அதற்கு ஒத்துவரவில்லை.

நல்ல தச்சர் இங்கே டிகிரியையே மறந்துவிடுகிறார். பட்டையின் துண்டு ஒன்றை எடுத்து நிலையின் மேல்சட்டத்தோரம் வைத்து வெளிவிளிம்பில் பென்சில் கோடு இழுக்கிறார். அதே துண்டைப் பக்கச் சட்டத்தோரம் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் வெளிமூலை. அங்கிருந்து நிலையின் உள்மூலைக்கு இழுக்கும் கோடு, இருக்கிற கோணம் எதுவானாலும் அதைச் சரிபாதியாகப் பிரித்துவிடும். அந்தக் கோட்டைப் பட்டைமேல் ஏற்றி அறுத்தால் மூலை சேரும். இதற்கு மிஷின் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கூடுதலாகச் சில நிமிடங்கள் வேண்டும். ஒரு மூலைக்குச் சில நிமிடம் என்றால் இருபத்துநான்கு மூலைக்கு அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்குத்தான் நாம் காசு கொடுப்பதில்லை.

வெட்டும் வரிசையிலும் ஒரு முறை உண்டு. டேப்பில் அளந்து இரண்டு முனைகளையும் ஒரே தடவையில் வெட்டுவது பிழைக்கு வழி. முதலில் ஒரு முனையில் சாய்வு வெட்ட வேண்டும். பட்டையை அது போகவேண்டிய இடத்திலேயே பிடித்து, மறு முனையை அங்கேயே குறிக்க வேண்டும். பிறகு அரை நூல் நீளம் விட்டு அறுத்து, பொருத்திப் பார்த்து, மிச்சத்தைச் சீவி எடுக்க வேண்டும். ரம்பத்தின் பல் தின்னும் அகலத்தை மறந்து கோட்டின் மேலேயே அறுத்தால் அத்தனையும் அளவில் குறையும். வெட்டு எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். நீளம் மிஞ்சினால் சீவலாம். குறைந்தால் புதுப் பட்டைதான்.

உள்மூலைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. இங்கே அதைச் செய்கிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். தரையோரப் பட்டையோ கூரையோரப் பட்டையோ அறையின் உள்மூலையில் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் சாய்வாக வெட்டத் தேவையில்லை. முதல் பட்டை நேராகச் சுவர் வரை போய் முட்டட்டும். இரண்டாவது பட்டையின் முனையில், முதல் பட்டையின் முகத்தில் இருக்கும் ஏற்ற இறக்கங்களை அப்படியே எதிர்வடிவமாக மெல்லிய வில் ரம்பத்தால் செதுக்கி, பின்பக்கம் சற்று உள்வாங்கச் சீவி, முதல் பட்டையின் மேல் உட்கார வைக்க வேண்டும். சுவரின் கோணம் 88 ஆனாலும் 92 ஆனாலும் இந்தச் சேர்ப்பு வாய் திறக்காது. மரம் கொஞ்சம் ஒடுங்கினாலும் கோடு பளிச்சென்று தெரியாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தச்சு பழகுகிறவருக்கு இது ஆரம்பப் பாடங்களில் ஒன்று. நம் ஊரில் தரையோரம் பெரும்பாலும் டைல்ஸ் அல்லது கல் என்பதால் கைக்குப் பழக்கமில்லாமல் போயிற்று. லேமினேட் தரையும் மரத்தரையும் அடுக்குமாடிகளில் வரத் தொடங்கிய பிறகு தேவை வந்துவிட்டது. பழக்கம் இன்னும் வரவில்லை.

கல்லில் கண்ட வழி

பாடியிலேயே திருவலிதாயம் கோயில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம், தொண்டை நாட்டின் 32 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. மோல்டிங் என்று இன்று கடையில் கேட்டு வாங்குவதன் தாத்தா தமிழ்க் கோயில்களின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கோயிலைச் சுற்றி ஓடும் கல் வரிகள் அவை. மேலே கூரை விளிம்பில் வளைந்து இறங்குகிறது கபோதம். கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த வரிகள் மூலையில் எப்படித் திரும்புகின்றன என்று ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூலையில் இணைப்பே இருக்காது. ஒரே கல்லில் மூலையைச் செதுக்கி, இணைப்பை இரண்டு பக்கமும் தள்ளி, நேர்முகத்தில் வைத்திருப்பார்கள். கூர்மையான மூலையில் இணைப்பு வைத்தால் முனை உடையும் என்று சிற்பிக்குத் தெரியும்.

மரத்தில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தின் நார் ஒரு திசையில்தான் ஓடும், மூலையில் திரும்பாது. தச்சன் மூலையில்தான் சேர்த்தாக வேண்டும். அதனாலேயே அவனுடைய திறமை மூலையில் வெளிப்படுகிறது.

இரும்பு மனிதருக்கு மரம் சொல்லும் பதில்

ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் வீட்டில் தச்சு வேலை நடக்கும்போது அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அரை நூல் பிழை பொறுக்காது. அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் இரும்பும் மரமும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

இரும்பு சூட்டுக்கு விரியும், எல்லாத் திசையிலும் ஒரே அளவாக. ஒரு மீட்டர் எஃகுக் கம்பி 10 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட நீளாது. மரம் காற்றின் ஈரத்துக்கு விரிகிறது, அதுவும் திசை பார்த்து. நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலத்தில் நன்றாக அசையும். அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கிய தேக்கிலேயே, தட்டையாக அறுத்த 100 மி.மீ. அகலப் பலகையின் ஈரம் 5 சதவீதம் இறங்கினால் ஏறத்தாழ 1 மி.மீ. ஒடுங்கும்.

சென்னையில் இந்த அசைவுக்கு ஓய்வே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கதவுகள் நிலையில் முட்டிக்கொண்டு மூட மறுக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் அதே கதவு லொடலொடக்கிறது. இப்போது இரவெல்லாம் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் மரம் காய்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் கூடத்தில் காற்று ஈரமாகவே இருக்கிறது. ஒரே நிலையின் இரண்டு முகங்களுக்கு இரண்டு பருவம்.

மூலைக்கு என்ன ஆகிறது? பட்டையின் அகலம் ஒடுங்குகிறது, நீளம் அப்படியே நிற்கிறது. அதனால் 45 டிகிரியில் வெட்டிய வாய் 45 ஆக இருப்பதில்லை. காய்ந்தால் மூலையின் உள்வாய் திறக்கும். ஊறினால் உள்வாய் இறுகி வெளிவாய் திறக்கும். திறந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தே அந்தப் பட்டை ஈரமாக மாட்டப்பட்டதா, காய்ந்து மாட்டப்பட்டதா என்று ஓரளவு ஊகிக்கலாம். பட்டை அகலமாக இருந்தால் திறப்பும் பெரிது. மூலை சேர வேண்டும் என்று நினைப்பவர் ஒல்லியான பட்டையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் கடை வாசலில் நின்ற பட்டையை அன்று மாலையே சுவரில் அடிப்பது, கோடையில் திறக்கப்போகும் மூலைக்கு இன்றே நாள் குறிப்பது. பட்டைகளை வாங்கி வந்து, எந்த அறையில் மாட்டப்போகிறோமோ அங்கேயே இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு வாரமாவது காற்றோடு பழக விட வேண்டும். மாட்டுவதற்கு முன் பின்பக்கத்துக்கும் ஒரு கை சீலர் அடிக்க வேண்டும். முகத்தில் மட்டும் பாலிஷ் ஏறி முதுகு வெறுமையாக இருந்தால் ஈரம் முதுகு வழியாக ஏறிப் பட்டை வளையும். மூலை வெட்டில் தெரியும் நார் வாய் பசையைத் தண்ணீர் போல உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துச் சற்றுப் பொறுத்து, அதற்குமேல் இரண்டாவது பூச்சு வைத்துச் சேர்க்க வேண்டும். இவை எல்லாம் பழைய தச்சர்களுக்குத் தெரிந்தவை. அடிக்கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

எந்த மரம்?

தேக்கு கேட்கிறவர்கள் இன்னும் ‘பர்மா தேக்கு’ என்றே கேட்கிறார்கள். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது கடையில் கிடைப்பதில் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்குகள் நிறைய. தோட்டத் தேக்கு மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டம் போட்டுத் தேக்கு வளர்க்கும் கலை அன்றைய மதராஸ் மாகாணத்திலேயே வேர்விட்டது. மலபார் கலெக்டராக இருந்த கொனொலி 1840-களில் நிலம்பூரில் தொடங்கிய தோட்டம்தான் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம். பட்டைக்கு மரம் தேர்வதில் நாட்டின் பெயரைவிட, மரம் நன்றாகக் காய்ந்ததா, நார் நேராக ஓடுகிறதா என்பதே முக்கியம். பட்டையின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் நோக்கினால் முறுக்கு தெரிந்துவிடும்.

பெயின்ட் அடிக்கப்போகும் கட்டங்களுக்குத் தேக்கு வீண். பைன் போதும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பட்டை வெட்டச் சுலபம், நார் ஒரு திசையில் ஓடாததால் பிசிறும் இல்லை, அறைக்குள் உயரமான இடத்தில் நன்றாகவே நிற்கும். தரையோரத்தில் மட்டும் அதை வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. எம்.டி.எஃப். ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டில் வெள்ளமே தேவையில்லை. அந்த இடத்துக்குக் கல், அல்லது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி., அல்லது எல்லாப் பக்கமும் பூச்சு ஏறிய திடமரம்.

கை யாருடையது?

சென்னையின் உள்ளலங்கார வேலைகளில் இன்று ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார் தச்சர்கள் நிறையப் பேர். பாதி இந்தியும் பாதித் தமிழுமாக வேலை நடக்கிறது. உள்ளூர் ஆசாரிகளில் பலர் நிலையும் கதவும் செய்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் கணிசமானோர் இதே பாடியின் ஆலைகளுக்குள் போனார்கள். எந்த ஊர்க் கையானாலும் மூலைக்குக் கூலி இல்லாதபோது ஒரே மாதிரிதான் அவசரப்படுகிறது.

அவசரம் உடம்பையும் தாக்குகிறது. சாய்வு வெட்டும் மிஷின் இல்லாத இடங்களில் டைல்ஸ் வெட்டும் நாலு இன்ச் கட்டரில் மர பிளேடு மாட்டி, காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டுவதை எத்தனையோ மொட்டை மாடிகளில் காணலாம். விரல் போக ஒரு நொடி போதும். மூடிய அறையில் நாளெல்லாம் பறக்கும் தூளை யாரும் கண்டுகொள்வதில்லை. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. வேலைக்காரருக்குச் சாயா வாங்கிக் கொடுக்கும் நல்ல மனம் படைத்த வீட்டுக்காரர்கள், கூடவே நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுக்கலாம். ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லலாம்.

விலை பேசும்போது, ‘அண்ணே, அடிக்கு எவ்வளவுன்னு சொல்லிட்டீங்க, மூலைக்குத் தனியா எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அவர் முழிப்பார். பிறகு சுவரை ஒரு சுற்று பார்த்து, மூலைகளை எண்ணத் தொடங்குவார். அடிக்கூலியில் கொஞ்சம் குறைத்து மூலைக்கூலியாக மாற்றினால்கூட மொத்தச் செலவு அதிகம் ஏறாது. வேலையின் வேகம் மாறும். மரத்தூள் அடைக்காமல் சேர்ந்த மூலைக்கு இந்தக் கூலி, அடைத்த மூலைக்கு இல்லை என்றும் பேசிக்கொள்ளலாம். பாலிஷ் அடிப்பதற்கு முன்பே மூலைகளைப் பார்த்துவிட வேண்டும். முழுத் தொகையில் ஒரு பங்கைச் சித்திரைக்கு என்று நிறுத்திவைத்து, முதல் கோடையில் திறந்த வாய்களைச் சரிசெய்து கொடுத்ததும் கொடுப்பதாகச் சம்மதித்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் சித்திரையில் அந்தத் தொகையை மறக்காமல் கொடுத்தாக வேண்டும்.

வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒரு முழுப் பட்டை வாங்கிப் பரணில் படுக்க வையுங்கள், நிறுத்தி வைக்காமல். மோல்டிங் மிஷினின் கத்தியைச் சாணை பிடிக்கப் பிடிக்க அதன் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஒரு வருடம் கழித்து அதே கடையில் அதே எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கிவரும் பட்டை பழைய பட்டையோடு மூலையில் சேராது.